கொண்டும் கொடுத்தும்: அகிரா குரோசாவாவின் கலைவாழ்வு

முன்னுரை

தொல்காப்பியர் மரபியலில் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்தார். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்னும் நான்கு நெறிகளில் வழிநூல் அமையும் என்றும் வகுத்தார். பிறரிடமிருந்து பொருள் கொண்டு நூல் செய்தல் இழிவு என்னும் எண்ணம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை. கம்பர் வால்மீகியிடம் கதை கொண்டார். உமறுப் புலவர் அரபு மண்ணில் நிகழ்ந்த வரலாற்றை எடுத்து, நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்துத் தமிழ்க் காப்பிய மரபில் சீறாப்புராணமாகப் பாடினார். கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா எனப் பல இலக்கிய வகைகள் அரபு, பாரசீக மொழிகளின் தொடர்பால் தமிழுக்கு வந்து சேர்ந்தன. இவற்றால் தமிழ் வளம் பெற்றதேயன்றி வறுமை அடையவில்லை.

இதே அளவுகோலைத் திரைப்படக் கலைக்கு நாம் பயன்படுத்துவதில்லை. ஒரு தமிழ்ப் படம் வெளிநாட்டுப் படமொன்றை ஒத்திருக்கிறது என்று தெரிந்தவுடன் திருட்டு என்று சொல்லிவிடுகிறோம். சில வேளைகளில் அச்சொல் பொருந்தவும் செய்கிறது. ஆனால் கொள்வதெல்லாம் களவாகுமா? கொள்வதற்கும் கவர்வதற்கும் இடையே உள்ள எல்லை யாது? இவ்வினாவுக்கு விடை தேடும் மாணவர்க்கு ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் வாழ்க்கை நல்லதொரு பாடமாகும். உலகின் பல நாடுகளிடமிருந்து அவர் கொண்டார்; பல நாடுகளுக்குக் கொடுத்தார். அதன் பொருட்டுப் புகழும் பழியும் ஒருங்கே பெற்றார்.

திரை வகைமை என்பது

வாழ்க்கையைக் காணுமுன் வகைமை என்னும் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். இலக்கியத்தில் காப்பியம், பரணி, உலா, தூது என வகைகள் இருப்பது போலத் திரைப்படத்திலும் வகைகள் உண்டு. துப்பறியும் படம், போர்ப் படம், குடும்பப் படம், வாள்வீரர் படம், அமெரிக்க மேற்கு நிலத்துக் குதிரைவீரர் படம் என்பன அவற்றுட் சில. குதிரைவீரர் படத்தை நம்மவர் கௌபாய் படம் என்பர். உலாவில் தலைவன் வீதியில் வருவான், ஏழு பருவ மகளிர் காண்பர் என்பதைப் படிப்போர் முன்னரே அறிவர். அறிந்த அமைப்புக்குள் புலவர் எதைப் புதிதாகச் செய்தார் என்பதே அங்குச் சுவை. திரை வகைமையும் அத்தகையதே. அமைப்பு பலர்க்கும் பொது. அதனுள் வைக்கப்படும் வாழ்வு மட்டுமே ஒருவர்க்கு உரியது. ஆகவேதான் ஒரே வகைமை டோக்கியோவிலும் கலிபோர்னியாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் தழைக்க முடிகிறது.

பிறப்பும் இளமையும்

குரோசாவா 1910ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் டோக்கியோவில் பிறந்தார். பெற்றோர்க்கு அவர் எட்டாவது குழந்தை, கடைக்குட்டி. தந்தை இசாமு, பழைய சாமுராய் மரபில் வந்தவர், கட்டுப்பாடு மிக்கவர். திரைப்படம் பார்ப்பது பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பலர் கருதிய காலத்தில், அதனால் கல்விப் பயன் உண்டு என்று நம்பி அவரே குழந்தைகளைப் படக்கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். மேலைநாட்டு மௌனப் படங்களைச் சிறுவன் அகிரா அவ்வாறுதான் கண்டான். ஒருபுறம் வாட்பயிற்சியும் எழுத்தணிப் பயிற்சியும். மறுபுறம் அயல்நாட்டுப் படம். இரண்டும் ஒரே வீட்டில் முரணின்றி இருந்தமை நோக்கத்தக்கது.

தொடக்கப் பள்ளியில் பின்தங்கியிருந்த அகிராவின் ஓவியத் திறனை இனங்கண்டு ஊக்கியவர் தச்சிகாவா என்னும் ஆசிரியர். வீட்டில் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் நான்கு ஆண்டு மூத்த தமையன் ஹெய்கோ. 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் பெரு நிலநடுக்கம் டோக்கியோ, யோகோஹாமா பகுதிகளை அழித்தது. நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீ அடங்கியதும் ஹெய்கோ 13 வயதுத் தம்பியைக் கைப்பிடித்து அந்த அழிவினூடே நடத்திச் சென்றார். பிணங்களைக் கண்டு கண்களை மூடிக்கொண்ட தம்பியைத் திறந்து பார்க்கச் செய்தார். அஞ்சி விலகினால் அச்சம் வளரும், நேர்கொண்டு பார்த்தால் அகலும் என்பதே தமையன் கற்பித்த பாடம். குரோசாவா தம் தன்வரலாற்றில் இந்நிகழ்ச்சியை விரிவாக எழுதியுள்ளார். பிற்காலத்தில் அவர் படங்களில் போரும் நோயும் வறுமையும் ஒளிவுமறைவின்றிக் காட்டப்பட்டமைக்கு வேர் இங்கே இருக்கிறது.

ஹெய்கோவின் தொழிலும் நம் பொருளோடு தொடர்புடையது. அவர் பென்ஷி என்னும் கலைஞர். மௌனப் படம் ஓடும்போது திரையருகே இருந்து கதையைச் சுவைபடச் சொல்லி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பவரே பென்ஷி ஆவார். நம் நாட்டுப் படக்கொட்டகைகளிலும் அக்காலத்தில் கதை விளக்குவோர் இருந்தனர். ஹெய்கோ அயல்நாட்டுப் படங்களை ஜப்பானியர்க்கு விளக்கினார். அந்நியக் கதை தாய்மொழிக் குரலில் புத்துயிர் பெறுவதைத் தம்பி அருகிருந்து கண்டார்.

பேசும் படம் வந்ததும் பென்ஷிகளின் பிழைப்பு போயிற்று. அவர்தம் வேலைநிறுத்தத்தில் முன்னின்ற ஹெய்கோ அது தோற்றபின் மனமுடைந்து 1933இல் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். சில மாதங்களில் மூத்த தமையன் ஒருவரும் மறைந்தார். எஞ்சிய ஒரே ஆண்மகனாகப் பெற்றோரைத் தாங்கும் கடமை அகிராவின் தோளில் ஏறியது.

திரைத்துறை நுழைவு

ஓவியராக வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஓவியம் சோறு போடவில்லை. 1935இல் பி.சி.எல். என்னும் திரைப்பட நிறுவனம், பின்னாளில் தோஹோ என அறியப்பட்டது, உதவி இயக்குநர்களுக்கு விளம்பரம் செய்தது. ஜப்பானியப் படங்களின் அடிப்படைக் குறைகளையும் அவற்றைக் களையும் வழியையும் பற்றிக் கட்டுரை எழுதுமாறு கேட்டிருந்தனர். குறை அடிப்படையானதாயின் களைவது எங்ஙனம் என்று கேலி தொனிக்க எழுதினார் இளைஞர். அத்துணிவே அவருக்கு வேலை பெற்றுத் தந்தது. கஜிரோ யமமோட்டோ என்னும் இயக்குநர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். திரைக்கதை எழுதுதல், படத்தொகுப்பு, ஒலிச்சேர்க்கை என அனைத்தையும் பழக்கிய அவரைக் குரோசாவா வாழ்நாள் முழுதும் நன்றியோடு போற்றினார்.

1943இல் ‘சன்ஷிரோ சுகாதா’ என்னும் முதற்படம் வெளிவந்தது. ஜூடோ கற்கும் இளைஞன் ஒருவன் ஆணவம் அடங்கி மனிதனாவதே அதன் கதை. முழுக்க ஜப்பானிய மண்ணின் பொருள்தான். எனினும் போர்க்காலத் தணிக்கை அதிகாரிகள் அப்படத்தில் ஆங்கில, அமெரிக்கச் சாயல் இருப்பதாகக் குற்றம் சாட்டினர். மூத்த இயக்குநர் யசுஜிரோ ஓசு பரிந்து பேசியதால் படம் தப்பியது. மேலைநாட்டுச் சாயல் உடையவர் என்னும் பழி முதற்படத்திலேயே தொடங்கியதையும், இறுதிவரை அது அவரைத் தொடர்ந்ததையும் நாம் மனத்திற் கொள்ளவேண்டும். 1945இல் நடிகை யோகோ யகுச்சியை மணந்தார். 1948இல் ‘குடிகாரத் தேவதை’ படத்தில் தோஷிரோ மிஃபுனே என்னும் நடிகரை முதன்முதல் இயக்கினார். 1965 வரை இருவரும் 16 படங்களில் இணைந்து பணியாற்றினர்.

உலகம் அறிந்த நாள்

போருக்குப்பின் ஜப்பான் அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. பழைய போர்க்குடிப் பெருமையைப் பேசும் வாள்வீரர் படங்களை ஆட்சியாளர் ஐயத்தோடு நோக்கினர். அச்சூழலில் 1950இல் ‘ராஷோமோன்’ வந்தது. ரியுனொசுகே அகுதகவாவின் இரு சிறுகதைகளை இணைத்து எழுதப்பட்ட படம் அது. காட்டில் ஒரு சாமுராய் கொல்லப்படுகிறான். கொள்ளையன், சாமுராயின் மனைவி, மந்திரக்காரி வாயிலாகப் பேசும் இறந்தவன், மறைந்திருந்து பார்த்த விறகுவெட்டி ஆகிய நால்வரும் நான்கு விதமாக அந்நிகழ்ச்சியைச் சொல்கின்றனர். உண்மை எதுவெனப் படம் உறுதி கூறவில்லை. நீதிபதியின் முகத்தையும் காட்டவில்லை. அவர் இருக்கையில் பார்வையாளராகிய நாமே அமர்த்தப்படுகிறோம்.

தயாரித்த நிறுவனத்தின் தலைவருக்கே படம் புரியவில்லை. அடுத்து தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலைத் தழுவி எடுத்த படம் 1951இல் தோல்வியுற்றது. மனம் சோர்ந்து ஆற்றில் மீன்பிடிக்கச் சென்று வெறுங்கையோடு வீடு திரும்பிய குரோசாவாவை மனைவி வாழ்த்தோடு எதிர்கொண்டார். வெனிஸ் திரைப்பட விழாவில் ‘ராஷோமோன்’ தங்கச் சிங்கம் விருது பெற்றிருந்தது. படம் அவ்விழாவுக்கு அனுப்பப்பட்டதே அவருக்குத் தெரியாது. ஜப்பானிய மொழி அறிந்த ஜூலியானா ஸ்திராமிஜோலி என்னும் இத்தாலியப் பெண்மணியின் பரிந்துரையால் அது சென்றது. தம் வீட்டார் மதியாததை அயலார் மதித்தனர். ஆசியத் திரைப்படங்களின்பால் மேலை உலகின் கண் திரும்ப அவ்விருது பெரிதும் உதவிற்று.

இவ்வுத்தி தமிழிலும் எதிரொலித்தது. எஸ்.பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, சிவாஜி கணேசன் நடித்த ‘அந்த நாள்’ 1954இல் வெளிவந்தது. ஒரு கொலையைப் பலர் பலவாறு சொல்லும் அப்படத்தில் பாடல் ஒன்றும் இல்லை. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. ‘ராஷோமோன்’ உண்மையை எட்டாத தொலைவில் நிறுத்துகிறது. ‘அந்த நாள்’ இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையைக் களமாக்கி, இறுதியில் கொலையாளியை அடையாளம் காட்டி நாட்டுப்பற்றை முன்வைக்கிறது. அங்கே மெய்யியல் வினா. இங்கே துப்பறியும் கதை. உத்தி ஒத்தது, வகைமையும் நோக்கமும் வேறாயின. 2004இல் கமல்ஹாசன் இயக்கிய ‘விருமாண்டி’ மதுரை வட்டார வாழ்வை இருவர் பார்வையில் வைத்தபோதும் இம்மரபு தொடர்ந்ததைக் கண்டோம்.

ஏழு வீரரின் உலகப் பயணம்

1952இல் ‘இகிரு’ வந்தது. வாழ்தல் என்பது அச்சொல்லின் பொருள். புற்றுநோயால் இறக்கவிருக்கும் நகராட்சி அலுவலர் ஒருவர், தம் இறுதி மாதங்களில் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பூங்கா அமைத்துவிட்டு மறைகிறார். தல்ஸ்தோயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ இதற்கு உந்துதல் தந்த கதை. உருசிய நாவலாசிரியரிடம் வினாவைக் கொண்டு, கோப்புகள் மேசைக்கு மேசை நகரும் ஜப்பானிய அலுவலகத்தில் விடையைத் தேடினார் குரோசாவா.

1954இல் ‘ஏழு சாமுராய்கள்’ வெளிவந்தது. பதினாறாம் நூற்றாண்டுச் சிற்றூர் ஒன்றின் உழவர்கள், அறுவடையைக் கொள்ளையரிடமிருந்து காக்கச் சோறு மட்டுமே கூலியாகத் தந்து ஏழு வாள்வீரரை அமர்த்துகின்றனர். மூன்றரை மணி நேரத்தை நெருங்கும் படம். படப்பிடிப்பு 148 நாட்கள். ஓராண்டு அளவுக்குப் பரவியது. செலவு மிகுந்ததால் நிறுவனம் இடையில் பணியை நிறுத்தியதும் உண்டு. இறுதிப் போரைப் பல படப்பிடிப்புக் கருவிகளை ஒருங்கே வைத்துக் குளிர்கால மழையிலும் சேற்றிலும் எடுத்தனர்.

ஜான் ஃபோர்டு என்னும் அமெரிக்க இயக்குநரின் குதிரைவீரர் படங்களைக் குரோசாவா மிக மதித்தார். அவற்றின் அகன்ற வெளியும், சிறுகுழுவின் வீரமும் அவரை ஈர்த்தன. ஆனால் அவர் வெயிலும் புழுதியும் நிறைந்த அந்த நிலத்தைப் பெயர்த்துக் கொண்டுவரவில்லை. மழையும் வயலும் நாற்றுநடவும் உடைய நிலத்தில் அவ்வீரத்தை நட்டார். உழவர்க்கும் வாள்வீரர்க்கும் இடையே இருந்த அச்சத்தையும் பகையையும் மறைக்காமல் காட்டினார். வென்றபின் வீரர்க்கு ஊரில் இடமில்லை. வெற்றி உழவரையே சேர்கிறது. வீரத்தைப் போற்றும் வகைமைக்குள் நின்றே வீரத்தின் தனிமையை எழுதினார் எனலாம்.

பின்னர் அப்படம் பயணம் புறப்பட்டது. 1960இல் ஜான் ஸ்டர்ஜஸ் அதனை ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ என அமெரிக்கப் படமாக்கினார். மூலப்படம் இன்னது எனப் பெயர்ப்பட்டியலிலேயே குறிக்கப்பட்டது. வாள் போய்த் துப்பாக்கி வந்தது. ஜப்பானியச் சிற்றூர் மெக்சிகோ நாட்டுச் சிற்றூர் ஆயிற்று. அமெரிக்காவிடம் கொண்டது அமெரிக்காவுக்கே மீண்டு சென்றது. 1975இல் ரமேஷ் சிப்பி இயக்கத்தில், சலீம்–ஜாவேத் எழுத்தில் ‘ஷோலே’ வந்தது. கொள்ளையரை எதிர்க்கக் கூலிக்கு வீரரை அழைத்தல் என்னும் அமைப்பு அப்படியே இருந்தது. ஏழ்வர் இருவராயினர். பழிதீர்த்தலும் நட்பும் பாடலும் முதன்மை பெற்றன. ஜப்பானியர் குல வேறுபாட்டைக் கேட்டனர். அமெரிக்கர் கூலிப்படையின் மனச்சான்றைக் கேட்டனர். நம்மவர் நட்பின் ஆழத்தைக் கேட்டனர். பாத்திரம் ஒன்றாயினும் அதில் ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் தாகத்துக்கு ஏற்ற நீரை நிரப்பினர்.

கொள்ளலும் கவர்தலும்

1957இல் ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தைச் ‘சிலந்தி வலைக் கோட்டை’ என எடுத்தார். ஷேக்ஸ்பியரின் கவிதை வரிகள் அதில் இடம்பெறவில்லை. மாறாக, ஜப்பானின் தொன்மையான நோ நாடக மரபின் முகபாவமும் அசைவும் அமைதியும் அவ்விடத்தை நிரப்பின. மூலத்தின் சொல்லை விட்டு, உயிரைக் கொண்ட வழிநூல் அது.

1961இல் ‘யோஜிம்போ’ வந்தது. இரு தீய கூட்டத்தார் பொருதும் ஊருக்கு வரும் தலைவனற்ற வாள்வீரன், இரு தரப்பையும் மோதவிட்டு அழிக்கும் கதை. அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் டேஷியல் ஹாமெட்டின் தாக்கம் இதில் உண்டென்பதை அவர் ஒளிக்கவில்லை. 1964இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே இக்கதையை ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ என எடுத்தார். உரிமை பெறவில்லை; மூலத்தையும் குறிக்கவில்லை. வழக்கு எழுந்தது. உலக வருவாயில் 15 விழுக்காடு ஜப்பானியத் தரப்புக்குத் தருவதாக முடிவில் உடன்பாடு ஏற்பட்டது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்றல் வேண்டும். லியோனேயின் படம் திறமையற்ற படம் அன்று. இத்தாலியக் குதிரைவீரர் படம் என்னும் புதிய கிளைக்கே அது வழிவகுத்தது. அந்த அலை உலகெங்கும் பரவிய காலத்தில்தான் தமிழில் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) போன்ற படங்களும் வந்தன. ஆகவே அவர் செய்த பிழை கொண்டதில் இல்லை. கொண்டதைச் சொல்லாமையில் இருக்கிறது. ஸ்டர்ஜஸ் மூலத்தைச் சொன்னார்; லியோனே சொல்லவில்லை, வழக்கு எழுந்தது. களவுக்கும் கொடைக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு இதுவே. நூல் செய்வோர் தம் நூலின் வழியைச் சிறப்புப் பாயிரத்தில் கூறவேண்டும் என்று நம் இலக்கண நூலார் விதித்ததன் நுட்பம் இங்கு விளங்குகிறது.

வீழ்ச்சியும் மீட்சியும்

1965க்குப்பின் குரோசாவாவின் வாழ்வில் இருள் சூழ்ந்தது. தொலைக்காட்சி பரவியதால் ஜப்பானியத் திரைப்பட நிறுவனங்கள் நலிந்தன. பெருஞ்செலவில் நுணுக்கம் பார்த்துப் படமெடுப்பவரை எவரும் நாடவில்லை. பேரரசர் என்னும் பட்டப்பெயரில் மதிப்போடு சற்றுக் கசப்பும் கலந்திருந்தது. அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பான ‘டோரா! டோரா! டோரா!’ படத்திலிருந்து 1968இல் நீக்கப்பட்டார். 1970இல் எடுத்த முதல் வண்ணப்படம் ‘தொதெஸ்காதென்’ பொருள் இழப்பைத் தந்தது. 1971 டிசம்பரில் தமையனைப் போலவே தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார்.

இதனை நாம் எழுதுவது அவரைக் குறைத்துரைக்க அன்று. தோல்வியால் துவளும் இளைஞர் அறிய வேண்டியது அதன்பின் நிகழ்ந்ததே. அன்று அவருக்கு வயது 61. அவர் எடுத்த 30 படங்களில் ஆறு படங்கள் அதற்குப் பின்னர் வந்தவை. சோவியத்து நாட்டின் மோஸ்ஃபிலிம் நிறுவனம் அழைக்க, சைபீரியக் காடுகளில் ‘டெர்சு உசாலா’ எடுத்தார். உருசிய நில ஆய்வாளர் ஒருவர்க்கும் காட்டையே வீடாகக் கொண்ட வேடர் ஒருவர்க்கும் இடையே மலர்ந்த நட்பே அதன் பொருள். 1975ஆம் ஆண்டுக்குரிய சிறந்த அயல்மொழிப் படத்திற்கான ஆஸ்கார் விருதை அது பெற்றது.

அடுத்து நிகழ்ந்தது கொடையின் கதை. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தால் பெரும்புகழ் பெற்ற ஜார்ஜ் லூகாஸ், குரோசாவாவின் ‘மறைவுக் கோட்டை’ (1958) படத்திற்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாக ஏற்றவர். அப்படத்தில் இரு எளிய உழவர் கண்வழியே போர்க்கதை சொல்லப்பட்டது போலத் தம் படத்தில் இரு இயந்திர மனிதர் வழியே கதையைத் தொடங்கினார். வாள்வீரர் வகைமை விண்வெளிக் கதையாக உருமாறியது. மூத்த கலைஞருக்குப் படமெடுக்கப் பணமில்லை என்றறிந்த லூகாசும் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலாவும் தம் செல்வாக்கைப் பயன்படுத்தி அமெரிக்க நிறுவனமொன்றைப் பொருள் தரச் செய்தனர். ‘ககேமுஷா’ (1980) உருவாயிற்று; கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்டது. கொண்டவர் கொடுத்தவர்க்குத் திருப்பிக் கொடுத்தார். பணத்தால் மட்டும் தீராத கடன் நன்றியால் தீர்ந்தது.

1985இல் ‘ரான்’ வந்தது. ‘லியர் அரசன்’ நாடகத்தை ஜப்பானிய வரலாற்றோடு இணைத்து, மூன்று மகளிரை மூன்று மைந்தராக்கிச் செய்த படம். பார்வை மங்கிய முதுமையில், காட்சி ஒவ்வொன்றையும் ஓவியமாகத் தீட்டி வைத்து எடுத்தார். இளமையில் கைவிட்ட ஓவியக்கலை முதுமையில் அவருக்குத் துணை நின்றது. படப்பிடிப்பின் இடையே மனைவி யோகோ மறைந்தார். ஒரு நாள் துயர் காத்துவிட்டுப் பணிக்குத் திரும்பினார் என்பர்.

1990இல் அவரது வாழ்நாள் பணிக்கான ஆஸ்கார் விருதை லூகாசும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் வழங்கினர். 80 வயதில் அம்மேடையில் நின்று, திரைப்படத்தின் சாரத்தைத் தாம் இன்னும் முழுதாக உணரவில்லை என்றும் தொடர்ந்து தேடப்போவதாகவும் அவர் கூறினார். அதன்பின் வந்தவை ‘கனவுகள்’ (1990), ‘ஆகஸ்டில் ஒரு இசை’ (1991), ‘மாததாயோ’ (1993) ஆகியன. 1998 செப்டம்பர் 6ஆம் நாள் டோக்கியோவில் தம் 88ஆம் வயதில் காலமானார்.

மதிப்பீடு

குறைகளும் உண்டு. அவர் படங்களில் ஆடவர் உலகமே பெரிது. பெண்பாத்திரங்கள் சிலவே முழுமை பெற்றன. உடன் உழைத்தோரிடம் கடுமை காட்டினார். ஜப்பானியத் திறனாய்வாளர் பலர் ஓசுவையும் மிசோகுச்சியையுமே தம் மண்ணின் கலைஞராகக் கொண்டு, இவரை மேலைநாட்டார்க்குப் படமெடுப்பவர் என்றனர். மேலைநாட்டாரோ இவரை ஜப்பானின் உருவமாகவே கண்டனர். இரு கரைக்கும் நடுவே நிற்பவருக்கு இரு கரையினரும் அயலாராகத் தோன்றுதல் இயல்பே. அவர் தம்மைப் பற்றி மட்டும் எண்ணியவரும் அல்லர். நம் சத்யஜித் ராயின் படங்களை உளமாரப் போற்றினார். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் எளிமையை வியந்து வரவேற்றார்.

அவர் மறைந்தபின்னும் கொடை நிற்கவில்லை. ‘இகிரு’ 2022இல் ‘லிவிங்’ என ஆங்கிலத்தில் வந்தது. நாகசாகியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த நோபல் பரிசாளர் கசுவோ இஷிகுரோ அதன் திரைக்கதையை எழுதினார். ஓர் அமெரிக்கக் குற்றநாவலைக் கொண்டு குரோசாவா 1963இல் எடுத்த படத்தை ஸ்பைக் லீ 2025இல் நியூயார்க் நகரத்துக் கதையாக மீண்டும் எடுத்தார். அமெரிக்காவில் பிறந்த கதை ஜப்பானில் வளர்ந்து அமெரிக்காவுக்கே திரும்பியது.

முடிவுரை

தமிழில் ஒப்பிலக்கியம் பயிலும் மாணவர்க்கு இவ்வாழ்வு மூன்று கேள்விகளைக் கையளிக்கிறது. ஒரு படைப்பு மற்றொன்றை ஒத்திருக்கக் கண்டால், முதலில், எதைக் கொண்டது என்று கேட்போம். அடுத்து, தன் மண்ணிலிருந்து எதைச் சேர்த்தது என்று கேட்போம். இறுதியாக, கொண்டதை ஒப்புக்கொண்டதா என்று கேட்போம். முதல் கேள்வியோடு நின்றுவிடுபவர் குற்றம் மட்டும் காண்பர். மூன்றையும் கேட்பவர் கலையைக் காண்பர்.

கொண்டு கொடுத்தல் என்பதை நம் ஊர்களில் பெண் கொண்டு பெண் கொடுக்கும் உறவுக்கு வழங்குகிறோம். கொள்வது மட்டுமோ கொடுப்பது மட்டுமோ உறவாகாது. நிலநடுக்கத்தின் சாம்பலில் தமையன் கைப்பிடித்துக் கண்திறந்து பார்க்கக் கற்ற அச்சிறுவன், பின்னர் உலகம் முழுவதையும் அவ்வாறே கண்திறந்து பார்த்தான். பார்த்ததைத் தன் மொழியில் சொன்னான். சொன்னதை உலகம் தன் தன் மொழியில் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாடுகளுக்கிடையே இத்தகைய உறவை வளர்த்த பெருங்கலைஞர்களுள் ஒருவராக அகிரா குரோசாவாவை நாம் நினைவிற் கொள்வோமாக.